அதே தார்ப்பாய், வேறு பாதை

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தார்ப்பாய். மூன்று மீட்டர் நீளம், இரண்டே முக்கால் மீட்டர் அகலம், சிலிக்கான் பூசிய நைலான் துணி, எடை 430 கிராம். அதை எடுத்துக்கொண்டு சுவீடனின் வடகோடி மலைகளில் இரண்டு முறை நடந்திருக்கிறோம். முதல் முறை நடு இரவில் அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினோம். இரண்டாவது முறை ஐந்து இரவும் அதன் கீழே நிம்மதியாகத் தூங்கினோம். இரண்டு பயணத்துக்கும் இடையே நாங்கள் துணியை மாற்றவில்லை, கயிற்றைக்கூட மாற்றவில்லை. பாதையை மாற்றினோம்.

கூடாரத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கிராமில் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாதையின் பெயர் குங்ஸ்லேடன், அரசர் பாதை என்று பொருள். வடக்கே அபிஸ்கோவிலிருந்து தெற்கே ஹெமாவான் வரை சுமார் 440 கி.மீ. நீள்கிறது. பெரும்பாலானவர்கள் முழுவதையும் நடப்பதில்லை, ஒரு துண்டை எடுத்துக்கொள்வார்கள். அதிகம் பேர் எடுப்பது அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவொக்தா வரையான வடக்குத் துண்டு. ஏறத்தாழ 105 கி.மீ., ஏழு நாள். சுவீடனில் குடியேறி ஆறாவது வருடம், 2022 ஜூலை முதல் வாரத்தில், நானும் என் மச்சினனும் அதைத்தான் எடுத்தோம். அவன் என் மனைவியின் தம்பி. தூத்துக்குடியிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவன், அப்போது இருபத்து நான்கு வயது, என்னைவிட நன்றாக நடப்பான்.

என்னிடம் அதற்கு முன் இருந்தது 3.2 கிலோ எடையுள்ள இரட்டைச் சுவர் டென்ட். அதை விட்டுவிட்டுத் தார்ப்பாய்க்கு மாறினேன். தார்ப்பாய் 430, கயிறும் பத்து முளையும் 180, ஆளுக்கொரு கொசுவலை 200 வீதம் 400, தரைக்கு விரிக்கும் மெல்லிய தாள் 160. மொத்தம் 1,170 கிராம். நிறுத்தும் கம்பு தனியாக வேண்டாம், நடக்கும்போது ஊன்றும் கோல்கள் இரண்டே போதும். இரண்டு கிலோ மிச்சம் என்று அன்றைக்கு மிகவும் சந்தோஷப்பட்டேன். ஆனால் தூக்குவது இரண்டு பேர். ஆளுக்கு மிச்சமானது ஒரு கிலோதான். நாள் முழுக்க நடக்கிறவருக்கு ஒன்றரை நாள் சாப்பாட்டின் எடை. அது சிறிய விஷயம் இல்லை, நாலாவது நாள் முழங்காலுக்கு அந்த ஒரு கிலோ தெரியும். ஆனால் அந்த ஒரு கிலோ ஒரு இரவுத் தூக்கத்துக்கும் பத்திரத்துக்கும் ஈடாகுமா என்ற கேள்வியை நான் அப்போது கேட்கவே இல்லை.

தார்ப்பாய் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மழையைத் தடுக்கும். வெயிலைத் தடுக்கும். காற்றோட்டம் இருப்பதால் உள்ளே அவ்வளவாக வியர்க்காது. இரண்டு பேர் உட்கார்ந்து சமைக்கலாம், ஈரச் செருப்பைக் காயப் போடலாம். இடத்துக்குத் தக்கபடி உயர்த்தியும் தாழ்த்தியும் கட்டலாம். ஆனால் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டினால் இரண்டு முனைகளும் திறந்தே இருக்கும். காற்று ஒரே திசையில் வரும்வரை பிரச்சினை இல்லை. ஒரு சரிவைக் காற்றுக்குக் காட்டித் தரையோடு ஒட்டிக் கட்டிவிடலாம். காற்று திசை மாறினால், திறந்த வாய் வழியாக உள்ளே புகுந்து துணியை மேலே தூக்கும். அப்போது முளைகளின் மேல் விழும் இழுப்பு வேறு மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 7 மீட்டர் காற்றில் கம்பீரமாக நிற்கிற துணி, 14 மீட்டர் காற்றில் நாலு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அதைத் துணியோடு பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை.

முதல் நாள் 15 கி.மீ. நடந்து அபிஸ்கோயவ்ரே. அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடங்களில்தான் தங்கலாம். பூங்காவைத் தாண்டிவிட்டால் சுவீடனின் பொது உரிமை உண்டு. வீடுகளுக்கு அருகே இல்லாமல், எதையும் பாழாக்காமல், ஓரிரு இரவு எங்கும் தங்கலாம். அன்று பூர்ச்ச (birch) மரக் காட்டுக்குள் தார்ப்பாயைக் கட்டினோம். கொசு மேகம் போல இருந்தது, ஆனால் வலைக்குள் நிம்மதி. இலையில் காற்று அசையும் சத்தம் கேட்டது, துணி அசையவே இல்லை. "அத்தான், இது போதும், டென்ட்டே வேண்டாம்" என்றான் மச்சினன். எனக்கும் அப்படித்தான் பட்டது. மரங்கள் செய்த வேலையை எங்கள் துணி செய்ததாக இருவரும் நினைத்துக்கொண்டோம்.

இரண்டாம் நாள் பாதை மேலே ஏறுகிறது, மரங்கள் முடிகின்றன. அலெஸ்யவ்ரே தங்குகுடில் ஏரியைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. அங்கே கூடாரம் போடுகிறவர்கள் ஒரு கட்டணம் கட்டிவிட்டுக் குடிலின் சமையலறையையும் உலர்த்தும் அறையையும் பயன்படுத்தலாம். அங்கேயுள்ள பலகையில் குடில் பொறுப்பாளர் வானிலைக் குறிப்பை ஒட்டியிருந்தார். மறுநாள் இரவு காற்று 14 மீட்டர் வரை ஏறும், மழை இல்லை. நான் அதைப் படித்தேன். 'மழை இல்லை' என்பது மட்டும் மனதில் நின்றது. ஊரில் வளர்ந்தவனுக்கு மோசமான வானிலை என்றால் மழைதான். மரமில்லாத மலையில் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அடுத்து குளிர், மூன்றாவதுதான் மழை. இப்போதெல்லாம் அந்தப் பலகையில் முதலில் காற்று வேகத்தையும் திசை மாற்றத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் மற்றதைப் படிப்பேன்.

மூன்றாம் நாள் 13 கி.மீ. நடந்து செக்யா குடிலை மாலை ஐந்து மணிக்கெல்லாம் எட்டிவிட்டோம். அதற்கு மேலே செக்யா கணவாய், சுமார் 1,150 மீட்டர், குங்ஸ்லேடன் முழுவதிலும் உயரமான இடம். கணவாய்க்குக் கீழே தனியாக ஒரு இரவு தங்க வேண்டும் என்பது என் ஆசை. ஜூலை தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. பாறைகளுக்கு நடுவே இன்னும் பனித் திட்டுகள் கிடந்தன, அவற்றின் மேல் ராத்திரி வெளிச்சம் மஞ்சளாக விழும். அந்தக் காட்சிக்காகக் குடிலைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே போனோம்.

இடம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சமதளம், பக்கத்தில் ஓடை. மண் நாலு விரல் ஆழம், அதற்குக் கீழே பாறை. முளைகள் பாதிதான் இறங்கின. மச்சினன் ஒரு முளையை அசைத்துப் பார்த்துவிட்டு, "இது நிக்காது அத்தான், கல்லு வைப்போமா?" என்று கேட்டான். "காத்தே இல்லயே மாப்ள, காலைல கெளம்பப் போறோம்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவன் சொன்னது சரி, நான் பெரியவன் என்பதால் அவன் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் போகும் பயணத்தில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. உறவில் மூத்தவன் சொல்லிவிட்டால் இளையவன் வாயை மூடிக்கொள்வது வீட்டில் மரியாதை. மலையில் அது ஆபத்து. இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இருவரில் ஒருவருக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் அடுத்த இடத்துக்கு நடப்போம்.

இரவு ஒரு மணிக்குத் துணி படபடக்கும் சத்தத்தில் விழித்தேன். பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். கணவாய் என்பது இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள வாசல். பரந்த பள்ளத்தாக்கில் பரவி வரும் காற்று அந்த வாசலில் நெருங்கி வேகமெடுக்கும். நாங்கள் படுத்திருந்தது அந்த வாசல்படியில். முதலில் தெற்கிலிருந்து வந்தது, அதை எதிர்பார்த்துத்தான் கட்டியிருந்தோம். அரை மணி நேரத்தில் மேற்கே திரும்பியது. திறந்த முனை வழியாகப் புகுந்த காற்றில் துணி பலூன் மாதிரி உப்பியது. இரண்டு முளைகள் அடுத்தடுத்துப் பிடுங்கிக்கொண்டன. ஒரு முளை கயிற்றோடு சுழன்று என் கொசுவலையைக் கிழித்தது. கண்ணைக் குத்தவில்லை, அவ்வளவுதான்.

நான் துணியைப் பிடித்துக்கொண்டு கல் தேடச் சொன்னேன். அவன் கல்லைக் கொண்டு வந்து கயிற்றின் மேல் வைத்தான், கல்லோடு நகர்ந்தது. அப்போது அவன் தெளிவாகச் சொன்னான்: "அத்தான், இத கட்ட வேண்டாம். குடிலு இருவது நிமிசம். போயிருவோம்."

மேலே கணவாயிலும் ஒரு சின்ன ஒதுங்குமிடம் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும், வழக்கமாகத் தங்க அனுமதி இல்லை. அதுவும் தூரம் அதிகமில்லை. ஆனால் அங்கே போவது காற்றுக்குள் ஏறுவது, குடிலுக்குப் போவது காற்றிலிருந்து இறங்குவது. இறங்கினோம். பொறுப்பாளர் ஒரு வயதான அம்மா, தன்னார்வலராக அந்தக் கோடையில் வந்திருந்தவர். கதவைத் தட்டியதும் எங்களைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. "அடுப்பு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, ஈரத்தை உள்ளறையில் போடுங்கள், கணக்கைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சுவீடிஷில் சொல்லிவிட்டு இரண்டு போர்வையை எடுத்துக் கொடுத்தார். மலையில் இரவில் வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது அந்தக் குடில்களில் ஊறிய வழக்கம். அந்த அம்மாவை நினைக்காமல் நான் இன்றுவரை எந்தக் குடிலையும் கடந்ததில்லை.

மீதி மூன்று இரவையும் குடில்களை ஒட்டி, அவற்றின் காற்று மறைவில் கழித்தோம். பயணம் நன்றாகவே முடிந்தது. ஆனால் கையில் இருந்த தார்ப்பாயால் நாங்கள் விரும்பிய இடத்தில் தங்க முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் என் முதல் எண்ணம் புது டென்ட் வாங்குவது. வடக்குத் துண்டுக்கே திரும்பப் போவதென்றால் அது சரியான முடிவுதான். அங்கே அபிஸ்கோயவ்ரேயைத் தாண்டினால் கெப்னெகைஸே மலைநிலைய விடுதி வரை ஏறத்தாழ எல்லா இரவும் மரக் கோட்டுக்கு, அதாவது மரம் வளரும் எல்லைக்கு, மேலே. அப்படிப்பட்ட பாதைக்கு நாலு பக்கமும் தரை வரை இறங்குகிற கூடாரம் வேண்டும். கோபுரம் மாதிரி நடுவில் ஒரே கோலில் நிற்கும் வகையோ, வளைகம்பி போட்ட சுரங்க வகையோ நல்லது. முளை நிற்காத மண்ணில் சுற்றிக் கட்ட இரண்டு மீட்டர் உபரிக் கயிறு ஒவ்வொரு மூலைக்கும் வேண்டும். எடை இரண்டு கிலோவைத் தொட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மச்சினன் வேறு மாதிரி யோசித்தான். வரைபடத்தை விரித்துவைத்து, நாங்கள் நடந்த பாதையில் ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் விழுந்தது என்று பென்சிலால் குறித்தான். பிறகு தெற்கே இருக்கிற துண்டுகளுக்கும் அதையே செய்தான். சால்தொலுவொக்தாவிலிருந்து க்விக்யொக் வரையான துண்டு வித்தியாசமாக இருந்தது. சுமார் 73 கி.மீ. பகலில் மொட்டை மேடுகளில் ஏறுகிறது. ஆனால் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் ஒரு ஏரிப் பள்ளத்துக்கு இறங்குகிறது, பள்ளத்தில் காடு. இரவு தங்கும் இடங்கள் எல்லாம் பூர்ச்ச மரத்திலோ பைன் காட்டிலோ விழுந்தன. "பகல்ல மேல, ராத்திரி கீழ. இதுக்கு நம்ம தார்ப்பாயே போதும் அத்தான்" என்றான்.

அந்த வரைபடத்தைப் படிக்க ஒரு வழி கற்றுக்கொண்டோம். அங்கே இடப்பெயர்கள் அந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களுடையவை. நம் ஊர்ப் பெயர்களில் குளம், பாறை, ஓடை என்று வருவது போல, அவர்கள் பெயரின் கடைசித் துண்டு நிலத்தைச் சொல்லிவிடும். 'யவ்ரே' என்றால் ஏரி. 'வாகே' என்றால் பள்ளத்தாக்கு. 'யொக்' என்றால் ஓடை. 'லுவொக்தா' என்றால் ஏரிக் குடா. 'கைஸே' என்றால் செங்குத்தான சிகரம். பெயர் 'வாகே' என்று முடிந்தால் அங்கே காற்று எந்தப் பக்கம் ஓடும் என்பதை நானே பள்ளத்தாக்கின் போக்கைப் பார்த்து ஊகித்துவிடுவேன்.

மாதத்தையும் மாற்றினோம். ஜூலையில் காட்டுக்குள் தங்கினால் கொசு, அதற்குப் பிறகு வலைக் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடுகிற பொடிப்பூச்சி. மெல்லிய கண்ணுள்ள வலை இல்லாமல் தார்ப்பாயைப் பற்றி நினைக்கவே கூடாது. முதல் சில இரவுப் பனி விழுந்ததும் இரண்டும் அடங்கிவிடும். அதனால் 2024 ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். இதிலும் ஒரு விலை உண்டு. ஜூலையில் இருட்டே இல்லை. இடம் சரியில்லை என்றால் இரவு பதினொன்றுக்கும் நடந்து அடுத்த இடம் பார்க்கலாம். செக்யாவில் நடு இரவில் நாங்கள் பத்திரமாக இறங்கியதே அந்த வெளிச்சத்தால்தான். ஆகஸ்ட் கடைசியில் எட்டரைக்கெல்லாம் மங்கிவிடும். அதனால் மாலை ஆறு மணிக்குள் இடம் பிடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயிலில் யெல்லிவாரே, அங்கிருந்து பேருந்தில் கெப்னாத்ஸ், படகில் லங்காஸ் ஏரியைக் கடந்தால் சால்தொலுவொக்தா. 1996-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட லப்போனியா நிலப்பகுதி இங்கே தொடங்குகிறது. முதல் இரவு அங்குள்ள மலைநிலையத்துக்கு மேலே பைன் காட்டில். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டித் தார்ப்பாயைப் போட்டோம், கோல்கூடத் தேவைப்படவில்லை. மரத்தைப் பார்க்கும்போது மேலேயும் பார்க்க வேண்டும், காய்ந்த கிளை தொங்கினால் அந்த இடம் வேண்டாம்.

இரண்டாம் நாள் 20 கி.மீ., முழுக்க மரமில்லாத மேட்டு நிலம். பாதையின் நடுவே ஒரு ஒதுங்குமிடம் இருக்கிறது, மதியம் அதற்குள் உட்கார்ந்து அவலும் பருப்புப்பொடியும் சாப்பிட்டோம். வெளியே காற்று சரியாக வீசியது. அங்கே இருந்த ஒரு ஜெர்மானிய ஜோடி அந்த மேட்டிலேயே தங்கப் போவதாகச் சொன்னார்கள், அவர்களிடம் சுரங்க வகை டென்ட் இருந்தது. அவர்களுக்கு அது சரி. எங்களுக்கு இல்லை. இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொறாமையும் இல்லை, பயமும் இல்லை. எங்கள் துணிக்குரிய இடம் இன்னும் 10 கி.மீ. கீழே இருக்கிறது என்று தெரிந்து நடந்தோம். லேசான கூரை தூக்குகிறவர் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: நினைத்த இடத்தில் நிற்கும் உரிமையை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதனால் அன்றைய நடை தூரம் கால் சொல்வதை வைத்து அமையாது, மரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை வைத்துத்தான் அமையும். ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டு, அதில் முக்கால் பங்குக்குள் காடு வருகிற மாதிரி நாட்களைப் பிரித்தால் மூச்சு முட்டாது.

சித்தொயவ்ரே ஏரிக்கரைக்கு வந்தபோது பூர்ச்ச இலைகள் ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இடம் தேடுவதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் செலவழித்தோம். முதலில் தண்ணீருக்குப் பக்கத்தில் புல்வெளி ஒன்று. வெள்ளைப் பஞ்சு பூத்த புல் அங்கங்கே நின்றது. அந்தப் புல் நிற்கும் இடம் சதுப்பு, மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ராத்திரி படுத்தால் கீழிருந்து ஊறும். அதை விட்டோம். அடுத்து ஒரு அழகான குழிவு, நாலு பக்கமும் மறைப்பு. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி அது தண்ணீர் மாதிரி வழிந்து வந்து குழிவில்தான் தேங்கும். அதையும் விட்டோம். கடைசியில் கரையிலிருந்து ஐம்பது அடி மேலே, கறுப்புப் பழச் செடி படர்ந்த ஒரு மேடை கிடைத்தது. தரை காய்ந்திருந்தது. சுற்றிலும் பூர்ச்ச மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்த இடத்தில் பெருங்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பதை மரங்களே காட்டிக்கொடுத்தன. அந்தப் பக்கத்து ஓரத்தைத் தரையோடு ஒட்டி, முளையின் மேல் ஒரு கல், அதற்குப் பின்னால் முட்டுக் கொடுத்து இன்னொரு பெரிய கல் என்று கட்டினோம். மச்சினன் ஒவ்வொரு முளையையும் காலால் தட்டிப் பார்த்தான்.

நைலான் ஈரத்தில் நீளும். மாலை கட்டும்போது வீணைத் தந்தி மாதிரி இழுத்திருந்தாலும், மழை பெய்து ஒரு மணி நேரத்தில் தொய்ந்துவிடும். தொய்ந்த துணிதான் காற்றில் படபடக்கும், படபடக்கிற துணிதான் முளையைப் பிடுங்கும். படுப்பதற்கு முன் ஒரு முறை எழுந்து எல்லாக் கயிற்றையும் இழுத்துவிட வேண்டும். அதனால் இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற முடிச்சு ஒன்றையாவது, இருட்டில் விறைத்த விரலோடு போடுகிற அளவுக்கு வீட்டு மாடியிலேயே பழகிவிட வேண்டும். பாலியஸ்டர் துணி இவ்வளவு தொய்யாது. அடுத்து வாங்கினால் நான் அதைத்தான் வாங்குவேன்.

காடு வழியாகப் போகும் பாதைக்கு ஏரிகள்தான் விலை. சித்தொயவ்ரேயில் 4 கி.மீ. படகில் கடக்க வேண்டும். மறுநாள் காலை ஏரியில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது, படகோட்டி "மாலை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். அரை நாள் காத்திருந்தோம். காற்று மலை மேல் எங்களை ஒன்றும் செய்யாத பாதையில், ஏரிக்கரையில் நிறுத்திவைத்தது. பயணத் திட்டத்தில் ஒரு முழு நாளை உபரியாக வைத்திருந்ததால் பதற்றம் இல்லை. அது இல்லாவிட்டால் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் தப்பான இடத்தில் தங்க நேரும்.

நாலாம் நாள் அக்சே குடிலுக்குப் போகும் வழியில் பாதையை விட்டு விலகி ஸ்கியெர்ஃபே உச்சிக்கு ஏறினோம், 1,179 மீட்டர். ஒரு பக்கம் ஏறுவது புல் மேடு மாதிரி சாதுவாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக அறுந்து கீழே ராபா ஆற்றின் கழிமுகம். பனிப்பாறைகள் அரைத்த மண்ணைச் சுமந்து வந்த ஆறு, லைத்தவ்ரே ஏரியில் சேரும் இடத்தில் நூறு கிளையாகப் பிரிந்து பச்சையும் நீலமும் சாம்பலுமாகக் கிடந்தது. மச்சினன் நீண்ட நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "தாமிரபரணி கடல்ல சேருத எடத்த மேல இருந்து யாராவது பாத்திருப்பாங்களா அத்தான்?" என்று கேட்டான். புன்னக்காயல் பக்கம்தான் அவன் அம்மாவின் ஊர்.

அன்று இரவு அக்சேயில் வானம் தெளிந்துவிட்டது, குளிர் சுழியத்துக்குப் போனது. தெளிந்த வானத்துக்குக் கீழே துணி தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், அதனால்தான் அதன் மேல் தண்ணீர் படிகிறது. மரக் கிளைகள் மேலே இருந்தால் அவை போர்வை மாதிரி அந்தச் சூட்டை மறிக்கும். காலையில் திறந்த புல்வெளியில் நின்ற டென்ட்டுகள் எல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாக இருந்தன. மரங்களுக்குக் கீழே எங்கள் தார்ப்பாய் தொட்டால் லேசாக ஈரம், அவ்வளவுதான். ஒரு சின்னத் துண்டால் துடைத்து மடித்துப் பையின் வெளிப்பக்கம் வைத்தோம். ஈரத் துணியை எக்காலத்திலும் ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்து வைக்கக் கூடாது.

லைத்தவ்ரே ஏரியைத் துடுப்புப் படகில் நாமே கடக்கலாம், 3 கி.மீ. மொத்தம் மூன்று படகு, எந்தக் கரையிலும் ஒரு படகாவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. நாம் போகும்போது நம் கரையில் இரண்டு இருந்தால் ஒரே முறை துடுப்புப் போட்டால் போதும். ஒன்றுதான் இருந்தால், அக்கரைக்குப் போய், அங்கிருந்து ஒரு படகைக் கட்டி இழுத்து வந்து இக்கரையில் விட்டு, மறுபடியும் போக வேண்டும். மூன்று முறை, 9 கி.மீ. எங்கள் கரையில் ஒன்றுதான் இருந்தது. மோட்டார் படகுக்குக் காத்திருந்தோம். மலை நடைக்கு வைத்திருந்த தோள் பலத்தை அங்கே செலவழிக்க எனக்கு விருப்பமில்லை, அடுத்து வருகிறவருக்குப் படகு இல்லாமல் செய்யவும் விருப்பமில்லை.

ஐந்தாவது இரவு போர்தே குடிலுக்கு முன்பே, காட்டுக்குள். மேலே மரங்களின் தலையில் காற்று இரைந்துகொண்டே இருந்தது. கீழே தார்ப்பாயின் ஓரம் ஒரு முறைகூட அடித்துக்கொள்ளவில்லை. செக்யாவில் அடித்த அதே அளவு காற்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி ஒரு தடவை விழித்தேன், மச்சினன் விழிக்கவே இல்லை.

க்விக்யொக்கில் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆற்றுச் சத்தம் கேட்கும் ஒரு பெஞ்சில் தார்ப்பாயை விரித்துக் காயப் போட்டோம். அங்கிருந்து மேற்கே பாத்யெலாந்தா பாதை தொடங்குகிறது, சுமார் 140 கி.மீ. சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் அவன் நின்றான். விரலால் ஒவ்வொரு இரவாகத் தொட்டுக்கொண்டே போனான்.

"மொத ரெண்டு மூணு ராத்திரி பூர்ச்சங்காடு. அதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல அத்தான். ரெண்டு பெரிய ஏரி, மொட்டை வெளி. அதுக்கு இந்தத் துணி ஆகாது."

"அப்போ சொரங்க டென்ட்டு வாங்குவோமா?"

"நாலு மூலைக்கும் நீளக் கயிறு வேணும். கல்லு நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.